மதாம் ஸெலியும் முதலை வயிற்றுப் பாட்டுகளும்

மதாம் ஸெலி மேசையை ஒரு தட்டுத் தட்டினால் நான் வாசிப்பதை நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் முந்தின வரிக்குத் திரும்ப வேண்டும். மூன்று தட்டினால் எழுதிய ஆள் முட்டாள் என்று பொருள். அதற்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தட்டுவது அதிமதுரக் குச்சியால். மற்ற நேரத்தில் அந்தக் குச்சி அவருடைய கடைவாயில் இருக்கும்.

பாரிஸில் ஆற்றின் இடது கரையில் எங்கள் அச்சகம். இயந்திரக் கூடத்தின் மூலையில் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு கூண்டு. அதற்குள் பதினோரு வருஷமாக நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். கையெழுத்துப் பிரதியை நான் உரக்க வாசிப்பேன். அவர் அச்சடித்த மெய்ப்பைப் பார்த்துக்கொண்டே பிழை திருத்துவார். புள்ளி, கால்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லித்தான் வாசிக்க வேண்டும்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஓவர்ன் மலைப்பக்கத்துக்காரர், கட்டையான உருவம், கூர்மையான மூக்கு. பள்ளிக்கூடம் போனது நாலே வருஷம். மிச்சப் படிப்பெல்லாம் அவர் திருத்திய புத்தகங்கள். அதனால் அவருடைய அறிவில் விசித்திரமான மேடுபள்ளங்கள் உண்டு. மூன்று பாகத் தாவர அகராதி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆட்டுக் குடலில் எத்தனை வகைப் புழு என்று சொல்வார். பிரான்ஸை ஆண்ட ராஜாக்களை மட்டும் வரிசையாகச் சொல்ல வராது. "அந்தப் புஸ்தகம் பக்கத்து அச்சகத்துக்குப் போயிடுச்சு" என்பார்.

அவருடைய கணவர் பதினைந்து வருஷத்துக்கு முன் அல்ஜீரியாவுக்குத் திராட்சை பயிரிடப் போனவர். கடிதம் கிடையாது. மரியாதைக்காக அவரை விதவை என்கிறோம். புதிதாக வந்த அச்சுக் கோப்பவன் ஒருவன், புருஷன் எங்கே என்று நேரடியாகவே கேட்டுவிட்டான். "அச்சுல இருக்காரு. இன்னும் வெளிவரல" என்றார் மதாம், தலை நிமிராமல்.

போன வருஷம், 1903 மார்ச் மாதம், அந்தக் காதல் பாட்டுகள் எங்கள் கூண்டுக்குள் வந்தன.

தெயானிஸ் என்ற கிரேக்கப் பெண் இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் பாடியவை என்று முன்னுரை சொன்னது. எகிப்தில் பதப்படுத்திப் புதைத்த ஒரு முதலையின் வயிற்றில் பழைய நாணல் தாள்களைத் திணித்திருந்தார்களாம். பாட்டுகள் அவற்றில் கிடைத்தனவாம். மொழிபெயர்த்தவர் ரெமி வெர்னுவா என்ற இருபத்துநாலு வயது இளைஞர். மொத்தம் எண்பத்தாறு பாட்டு. நான் வழுக்கை விழுந்தவன், மூன்று பெண்களுக்குத் தகப்பன். கண்ணாடிக்கு வெளியே பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, "உன் தோளில் கால்புள்ளி உன் கழுத்தில் கால்புள்ளி உன் இதழில் முற்றுப்புள்ளி" என்று உரக்க வாசிக்கும் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

பதினான்காம் பாட்டில் குச்சி ஒரு தட்டுத் தட்டியது.

"ஃபிர்மேன், அந்த வரிய இன்னொரு தடவ வாசிங்க."

"சூரியகாந்தியைப் போல் என் முகம் உன் பக்கமே திரும்பியது."

மூன்று தட்டு. பிறகு மதாமின் முகத்தில் நான் பதினோரு வருஷத்தில் பார்க்காத ஒரு வெளிச்சம் பரவியது. மறுநாளே வெர்னுவாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

அவர் வந்தார். நல்ல உயரம், பட்டுக் கழுத்துத்துணி, நகம் கடித்த விரல்கள்.

"தம்பி, சூரியகாந்தி அமெரிக்காவுலேர்ந்து வந்த பூ. தாவர அகராதி, ரெண்டாம் பாகம், எச் வரிசை. உங்க கிரேக்கப் பொண்ணு அத எங்க பாத்தா?"

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "மொழிபெயர்ப்புல... கொஞ்சம் சுதந்திரம்..."

"முதலைய நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"முதலைனு ஒண்ணு இருக்கா?"

கண்ணாடிக்கு வெளியே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெர்னுவா நாற்காலியில் சரிந்தார். "எல்லாம் நான் எழுதினதுதான், மதாம். என் பேர்ல போட்டா யாரு படிப்பா? தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க."

மதாம் குச்சியை மெதுவாக ஒருமுறை கடித்தார். "சொல்றதா? தம்பி, இப்படியே வந்தா முதல் வாரத்துலயே உங்கள உரிச்சிடுவாங்க. எடுங்க, ஒண்ணாம் பாட்டுலேர்ந்து பாப்போம்."

அடுத்த ஐந்து வாரமும் எங்கள் கூண்டில் திருவிழாதான். வெர்னுவா தினமும் மத்தியானம் வந்துவிடுவார். சூரியகாந்தி போய்க் குவளை வந்தது. மக்காச்சோளம் பார்லியானது. தெயானிஸ் அவிழ்த்த பொத்தான்கள் எல்லாம் ஊக்குகளாயின. செடியும் துணியும் முடிந்ததும் மதாம் மனசிலேயே கைவைத்தார்.

"காத்துக்கிட்டிருக்கறவ நிலாவ ஏன் பாக்கறா?"

"அழகா இருக்கும்னு..."

"காத்துக்கிட்டிருக்கறவ எதையும் பாக்க மாட்டா. காதாலதான் இருப்பா. செருப்புச் சத்தம் போடுங்க. வேற யாரோ ஒருத்தன் செருப்பு."

வெர்னுவா வாயைத் திறந்தபடி எழுதிக்கொண்டார். நான் உள்பட மூன்று பேருக்கும் சாப்பாடே மறந்து போனது.

முப்பத்தொன்றாம் பாட்டுதான் தேறவில்லை. அது முழுக்க ஒரு கண்ணாடி ஜன்னலைச் சுற்றி எழுதப்பட்டது; அந்தக் காலத்து வீட்டில் கண்ணாடி ஜன்னல் ஏது? அடித்துவிட்டோம். பக்கம் வெறுமையாக நின்றது. வெர்னுவா மூன்று நாள் முயன்றார், வரவில்லை. நான்காம் நாள் காலை மதாம் ஒரு பழைய மெய்ப்புத் தாளின் முதுகில் எழுதியதை என் பக்கம் தள்ளினார். "வாசிங்க, ஃபிர்மேன். கால்புள்ளி சொல்ல வேணாம்."

*நீ போன மறுநாளும் இரண்டு கிண்ணம் கழுவினேன்.*
*ஒன்று காய்ந்தே இருந்தது. அதையும் கழுவினேன்.*
*அத்தி மரத்தடியில் இரண்டையும் கவிழ்த்து வைத்தேன்.*
*எறும்புகள் உன்னுடையதைச் சுற்றிவிட்டு*
*என்னுடையதற்கு வந்தன.*
*ஒன்றையும் உடைக்கவில்லை.*

மத்தியானம் வந்த வெர்னுவா தாளை வாங்கிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் தாள் அப்படியே கட்டோடு சேர்ந்தது.

செய்தது சின்னக் காரியமல்ல. பிழை திருத்துபவர் சொந்தமாக ஒரு சொல் சேர்த்தாலும் அன்றே வேலை போய்விடும். எங்கள் மேஸ்திரி பிரிஸ்கே அதற்காகவே காத்திருப்பவர். "பொம்பளைக்கு எதுக்குக் கண்ணாடிக் கூண்டு?" என்று வருஷக்கணக்காகக் கேட்டுவருபவர்.

ஜூனில் புத்தகம் வெளிவந்தது. நகரமே பற்றிக்கொண்டது. டிராம் வண்டியில் தெயானிஸ், தையற்கடையில் தெயானிஸ். செப்டம்பரில் ஒரு காலை, கிரேக்கம் போதிக்கும் பேராசிரியர் வோக்லே எங்கள் கூண்டின் வாசலில் நின்றார். பின்னாலேயே மேஸ்திரி.

"முப்பத்தொண்ணாம் பாட்டோட கையெழுத்துப் பிரதிய நான் பாக்கணும்" என்றார் பேராசிரியர். "மத்ததெல்லாம் மொழிபெயர்ப்பாளர் பூசி மெழுகியிருக்காரு. இது ஒண்ணு சுத்தம். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

மேஸ்திரி பிரதிக் கட்டை எடுக்கச் சொன்னார். நான் முடிச்சை அவிழ்த்தேன். எண்பத்தைந்து தாளில் வெர்னுவாவின் கிறுக்கல்; ஒன்றில் மட்டும் மதாமின் உருண்டை எழுத்து. மேஸ்திரியின் கண்கள் அதில் நின்றன. அந்த எழுத்தை அவர் தினமும் பார்ப்பவர்.

"இத யாரு எழுதினது?" என்றார் பேராசிரியர்.

மதாம் எழுந்து நின்றார். குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "நான்தான் எழுதினேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்ல கையெழுத்தும்மா" என்றார் பேராசிரியர். "அந்தத் தம்பி கிறுக்கலப் பாத்தாலே தெரியுது, நகல் எடுக்காம முடியாதுதான். ஒரு வார்த்தை விட்டுப் போகலியே?"

"இல்லீங்க. ஒரு வார்த்தைகூட விட்டுப் போகல."

பேராசிரியர் மேஸ்திரியிடம் திரும்பினார். "இவங்கள மாதிரி ஆளு கிடைக்கறது கஷ்டம். பத்திரமா வச்சுக்குங்க." மேஸ்திரி தலையாட்டினார். வேறு வழியில்லை. அவர்கள் போனதும் மதாம் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

டிசம்பரில் வெர்னுவாவால் தாங்க முடியவில்லை. புகழ் முழுவதும் தெயானிஸுக்கே போகிறதே என்ற ஆற்றாமை. பத்திரிகைக்கு எழுதி, முதலையே கிடையாது, எல்லாம் தன் கற்பனை என்று ஒப்புக்கொண்டார். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. ஒரு நிருபர் அவரிடம் முப்பத்தொன்றைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் முகம் சிவந்தது. "அது நான் எழுதினதில்ல" என்றார். "அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க." யார் பெயரையும் சொல்லவில்லை. மதாமின் வேலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். அந்த விஷயத்தில் பையன் தங்கம்.

பேராசிரியருக்கு அது போதுமானதாக இருந்தது. எண்பத்தைந்து போலி, அதை எழுதியவனே ஒப்புக்கொண்டான். முப்பத்தொன்று தன்னுடையதல்ல என்றும் அவனே சொல்கிறான். ஆகவே எங்கோ ஒரு உண்மையான தாள் இருக்கிறது. இப்படி நாற்பது பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். அவருடைய சங்கத்தின் சஞ்சிகை எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகிறது.

போன வாரம் அந்தக் கட்டுரையின் மெய்ப்பு கூண்டுக்கு வந்தது. வழக்கம்போல் நான் வாசித்தேன். "இந்தக் காலத்துப் பெண் எவளும் இதை எழுதியிருக்க முடியாது முற்றுப்புள்ளி" என்று வாசித்துவிட்டு அவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் பாட்டை நினைவிலிருந்து எழுதியிருந்தார். கடைசி வரி, "ஒன்றை உடைத்தேன்" என்று இருந்தது.

தட்டு எதுவும் விழவில்லை. மதாம் பேனாவை மையில் தொட்டார். அந்த வரியை நேர்கோடாக அடித்து, மேலே "ஒன்றையும் உடைக்கவில்லை" என்று எழுதினார். பிறகு ஓரத்தில், எங்கள் தொழில் வழக்கப்படி, சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது." கீழே கையெழுத்திட்டு, மை காய ஊதினார்.