கண்ணாயி சந்தையில் விட்டுவந்த நோய்

மலைமேல் தேவனூர் நாட்டு ஊர்களில் ஒரு பேச்சு உலவுகிறது. கண்ணாயி தன் குடல் நோயைத் தூக்குப்போசிப் பாத்திரத்தில் அடைத்துக் கொண்டுபோய், பேளுக்குறிச்சிச் சந்தையில் யார் தலையிலோ கட்டிவிட்டு வந்தாளாம். அதனால்தான் கீமோ ஊசியே இல்லாமல் பிழைத்தாளாம். அந்த வாரம் அங்கே சீரகம் வாங்கியவர்கள் அதை மூன்று தண்ணீரில் அலசினார்கள் என்றும் கேள்வி. போசி நிஜம், சந்தை நிஜம். நடந்தது வேறு.

ஐம்பத்து மூன்று வயதிலும் ஏணி ஏறி மிளகு பறிப்பதில் கண்ணாயியை மிஞ்ச ஆளில்லை. கணவர் மாணிக்கம் கீழே ஏணியைப் பிடிப்பார், குறை சொல்லிக்கொண்டே. ரத்தம் போவதை மூலம் என்று ஆறு மாதம் மறைத்தவள், ஒருநாள் ஏணியடியில் மயங்கி விழுந்தாள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் குடலில் புற்றுக்கட்டி என்று கண்டு, அதை வெட்டி எடுத்தார்கள்.

"நெறிக்கட்டிக்குப் பரவலைங்கம்மா. ஆனா குடல் சுவரைத் தாண்டிருச்சு. கீமோ வேணுமான்னு இன்னொரு டெஸ்ட் பாக்கணும்" என்றார் டாக்டர் ஜாஸ்மின்.

"போட்டாத்தான் பொழைப்பேன்னா போடுங்க சாமி. சும்மாவுக்குன்னா வேண்டாம்."

கட்டியின் நகத்தளவுத் துண்டை மெழுகில் பதித்துக் கொடுத்து, சேலத்து லேபில் சேர்க்கச் சொன்னார்கள். மாணிக்கத்துக்கு மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வரும். கண்ணாயியே கிளம்பினாள். வெயிலில் மெழுகு உருகாமலிருக்க ஈரத்துணி சுற்றிப் போசிக்குள் வைத்தாள். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு எதிரே பஸ் மாறும்போது, சந்தைக்கு வந்த பக்கத்து வீட்டு அத்தாயி பிடித்துக்கொண்டாள்.

"போசில என்ன, பழையசோறா?"

"என் குடல்ல இருந்த கட்டி."

அத்தாயி இரண்டடி தள்ளி நின்றாள். சாயங்காலம் கண்ணாயி வெறும் போசியோடு திரும்பியதையும் அவள் பார்த்தாள். ஊருக்கு அது போதாதா?

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது.

"கட்டியில நாலு புரதம் தேடினாங்க, ரெண்டைக் காணோம்" என்றார் டாக்டர்.

"ஐயோ, ரெண்டு போச்சா!"

"உங்களுக்கு அதுதாம்மா நல்லது. இந்த மாதிரிக் கட்டி பரவாம இருந்தா, திரும்பி வர்றது கம்மி. வழக்கமான கீமோவுக்கும் பெருசா மசியாது. அதனால வேண்டாம். ஆனா வரவே வராதுன்னு எழுதித் தரமாட்டேன், செக்கப்புக்கு வரணும். பரம்பரையாவும் இருக்கலாம், மகளையும் கூட்டிட்டு வாங்க."

"எல்லாக் கொடிக்கும் ஒரே மருந்து அடிக்கக் கூடாதுங்கறீங்க."

"அதேதாங்கம்மா."

அடுத்த மாதம் ஏணியிலிருந்த கண்ணாயியைத் தேடி அத்தாயி வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கும் ரத்தம் போகுது கண்ணு. சந்தையில எந்த எடத்துல விட்டே, சொல்லேன்."

"விட்டுட்டு வர அதென்ன பூனக்குட்டியா? ஆசுபத்திரியில வெட்டி எடுத்தாங்க, லேபுல சோதிச்சாங்க, ஊசி வேண்டாம்னாங்க. என் கட்டிக்கு வேண்டாம், உன்னோடது என்னன்னு எவளுக்குத் தெரியும்? நாளைக்கு மொத பஸ்ஸுக்கு ஆசுபத்திரிக்குப் போடி, கூறுகெட்டவளே!"