ஒரு மடக்கு குறைச்சல்

பொழுது மேற்கே சாய்ந்ததும் தீர்த்தகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். மாட்டுப்பட்டியைத் தாண்டி, சாமைக் கொல்லை ஓரமாக விறுவிறுவென்று நடந்து, ஓடைக்கு இறங்கும் பாதை பிரிகிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறார். ஓடைக்கரையில், பாறை மறைவில்தான் ஊரார் சாராயம் காய்ச்சுகிற இடம். கால் அந்தப் பக்கம் திரும்புகிறது. உடம்பு இந்தப் பக்கம் இருக்கிறது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டு, வந்த வேகத்தில் பாதி கூட இல்லாமல் வீட்டுக்குத் திரும்புவார். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருக்கும் மனைவி பெரியம்மாள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்பார்.

"இன்னா, எங்க போய்ட்டு வர்ற?"

"தெரியல. கால் போச்சு. கூடவே நானும் போனேன்."

நெல்லிவாசல்நாட்டில் கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் எனக்கு வேலை. மலைக்காரர்கள் கொண்டுவரும் புளியையும் கடுக்காயையும் எடை போட்டு வாங்குவது. தங்கியிருப்பது தீர்த்தகிரி வீட்டுக்கு எதிர்வீட்டில். அதனால் இந்த மாலை நடையைத் தினமும் பார்க்கிறேன்.

ஐம்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான, நீளமான உடம்பு. முழங்கால் இரண்டின் உட்பக்கமும் மரப்பட்டை உரசி உரசிக் காய்த்துப்போயிருக்கும். சட்டைப் பித்தானை எப்போதும் ஒரு துளை தள்ளித்தான் போடுவார். யாராவது சுட்டிக்காட்டினால் குனிந்து பார்த்து, அவிழ்த்து, மறுபடியும் அதே மாதிரி தப்பாகப் போடுவார். எதைக் கேட்டாலும் முதல் பதில் "புரியல சார்." கேட்டது புரிந்திருக்கும். பதில் தேட அவருக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், அவ்வளவுதான்.

சாமை விதைப்பும் களையெடுப்பும் எல்லாருக்கும் உள்ள வேலை. தீர்த்தகிரிக்கென்று தனியாக உள்ளது புளியமரம். மாசி, பங்குனியில் சுற்றுப்பட்டு ஊர்களில் உயர்ந்த மரம் எது இருந்தாலும் உலுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். நடுமரத்தை உள்ளங்கையால் தட்டி, "ஏறிக்கிறேன், சும்மா இரு" என்று மாட்டிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுத்தான் காலை வைப்பார். நுனிக்கிளையில் நின்று ஒரு உலுக்கு உலுக்கினால் கீழே நிற்கிற பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும்.

முன்பெல்லாம் காலையில் ஒரு வாய் சாராயம், கை நடுங்காமல் நிற்பதற்கு. மத்தியானம் ஒரு தம்ளர், உடம்பு வலிக்கு. சாயங்காலம் பெரியம்மாளின் தம்பி அர்ச்சுனனோடு ஓடைக்குப் போனால் திரும்பி வரும் நேரத்துக்குக் கணக்கில்லை. பெரியம்மாள் கத்திப் பார்த்தார், பட்டினி கிடந்து பார்த்தார். வீட்டில் ஒளித்துவைத்த பானையைத் தூக்கிப் பள்ளத்தில் வீசியும் பார்த்தார். தீர்த்தகிரி எதற்கும் கோபப்படமாட்டார். "நாயந்தான்" என்பார். மறுநாள் வேறு பானை வரும்.

போன வருடம் தை மாதம் மகள் மாதம்மாள் கணவனோடு படவேட்டிலிருந்து வந்திருந்தாள். மாமனார் ராத்திரி தனக்கு ஒரு கறவை மாடு தருவதாகச் சொன்னாரே என்று மருமகன் கேட்டதற்கு, மாதம்மாள் சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க நைனா பொழுதுபோனா பேசறத எல்லாம் நீ கணக்குல எடுத்துக்காத." பட்டியில் சாணி அள்ளிக்கொண்டிருந்த தீர்த்தகிரியின் காதில் அது விழுந்தது.

"என் பொண்ணு கோவமா சொல்லியிருந்தாக்கூட பரவால்ல சார்," என்று பின்னால் என்னிடம் சொன்னார். "மழ வர்ற மாதிரி கீதுன்னு சொல்ற மாதிரி சொல்லிச்சு. அப்ப இத்தினி வருசமா ஊரே என் பேச்ச அப்பிடித்தான் வச்சிக்கினு கீதா?"

அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் குடியை நிறுத்திவிட்டார். ஓடைக்குப் போகவில்லை. காலையில் அந்த ஒரு வாயும் இல்லை, மத்தியானத் தம்ளரும் இல்லை. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அவர் எங்கோ வெளியில் குடித்துவிட்டு வருவதாகத்தான் நினைத்தார்கள். சில நாளில் கை கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. தூக்கம் போயிற்று. அந்த நிலையில் புளி உலுக்க மரம் ஏறினார். கிளை முழுக்கச் சிவப்பெறும்பு மொய்ப்பதுபோல் தெரிந்திருக்கிறது. தட்டிவிடக் கையை எடுத்தார். கிளையில் எறும்பே இல்லை. பிடியும் இல்லை.

விழுந்ததில் தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்தது. கட்டிலில் படுக்கவைத்து மூங்கில் கட்டித் தூக்கிப் போய், ஜீப் பிடித்து ஆலங்காயத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடித்துவிட்டு ஏறினால் விழாமல் என்ன செய்யும் என்று வழியெல்லாம் பேச்சு. பெரியம்மாளும் அதையே சொல்லி அழுதார். "குடிக்கல, குடிக்கல" என்று தீர்த்தகிரி முனகினார். ஒருவரும் நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் இன்னும் மோசமானது. கட்டிலின் மேல் ஆடுகள் ஏறுவதாகச் சொல்லி விரட்டினார். மந்திரிக்க ஆள் கூட்டிவர வேண்டும் என்று பெரியம்மாள் எழுந்துவிட்டார். கம்பவுண்டர் தேவராஜ்தான் அவரை உட்காரவைத்து, "குடிய எப்ப வுட்டாரு?" என்று கேட்டார்.

"அவராவது வுடறதாவது."

"வுட்டிருக்காரும்மா. அதான் இப்பிடி."

வருடக்கணக்கில் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் முறைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் விளக்கினார். மருந்து கொடுத்துத் தெளியவைத்து அனுப்பினார். தெளிந்ததும் தீர்த்தகிரி கேட்ட கேள்விக்கு இன்றுவரை யாரும் அவருக்குத் திருப்தியாகப் பதில் சொல்லவில்லை.

"குடிச்சிக்கினு ஏறுன வரைக்கும் வுழல. நல்லவனா ஆவலாம்னு வுட்டப்ப வுழுந்தேன். இது இன்னா நாயம் சார்? புரியல."

ஊருக்கு வந்த பிறகு மாத்திரை தீர்ந்தது. மழையில் பாதை சரிந்து ஜீப் வரவில்லை. நடுக்கம் திரும்பி வந்த அன்று அர்ச்சுனன் ஓடைக்கு ஓடிப்போய் ஒரு வாய் கொண்டுவந்து மாமன் வாயில் ஊற்றினான். கை நின்றது. பெரியம்மாள் தம்பியைத் துடைப்பத்தோடு விரட்டினார். பாதை சீரானதும் மூவரும் மறுபடி ஆலங்காயம் போய் நடந்ததைச் சொன்னார்கள். டாக்டர் யோசித்துவிட்டு வேறு மாதிரி சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காக வர முடியாத இடத்தில் இருப்பதால், ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நடுக்கம் அதிகமானால் உடனே தூக்கி வந்துவிட வேண்டும். சீசா மட்டும் அவர் கையில் இருக்கக் கூடாது.

"யார் கையில இருக்கணும்?" என்றார் பெரியம்மாள்.

டாக்டர் அவரையே பார்த்தார்.

அன்று ஜீப்பில் மலை ஏறி முடித்ததும் பெரியம்மாள் யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து வுடு வுடுன்னு கத்துனேன். இப்ப நானே ஊத்திக் குடுக்கணுமாம். நான் இன்னா பொம்பள?"

ஆனாலும் ஊற்றினார். ஓடையிலிருந்து சீசாவை வாங்கிவருவது அர்ச்சுனன். அதை அரிசிப் பானைக்குள் புதைத்துவைப்பது பெரியம்மாள். அலுமினியத் தம்ளரில் ஆள்காட்டி விரலை விட்டு, விரல் கணு வரைக்கும் அளந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கணவரிடம் நீட்டுவார். அடுத்த வாரம் கணுவுக்கு ஒரு மயிரிழை கீழே. தீர்த்தகிரி வாங்கிப் பார்த்துவிட்டு, "கொறஞ்சிருக்குதா?" என்று கேட்பார். "கொறஞ்சிருக்குது" என்பார் பெரியம்மாள். குறைந்ததற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று இருவருக்கும் தெரியாது.

அர்ச்சுனன் பாடுதான் பெரும்பாடு. முதலில் வழக்கம்போல் குடித்துவிட்டு மாமனுக்குத் துணையாக வந்து உட்கார்ந்தான். அவன் வாயிலிருந்து வந்த வாடையில் தீர்த்தகிரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரியம்மாள் திட்டியதும் வருவதையே நிறுத்தினான். சாயங்காலத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமை என்று தீர்த்தகிரி ஆள்விட்டார். அர்ச்சுனன் ஒரு வழி கண்டுபிடித்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் குடிக்காமல் வந்து மாமனோடு உட்காருவான். அவர் களி தின்று படுத்த பிறகு எழுந்து ஓடைக்குப் போவான்.

"நான் வுடமாட்டேன் மாமா. அந்தப் பேச்சே வேணாம். ஒனக்காவ கொஞ்சம் பொறுத்துக் குடிக்கிறேன், அவ்வளவுதான்."

இருவரும் அப்படி உட்கார்ந்திருப்பதை என் அறையிலிருந்து பார்ப்பேன். நெடுநேரம் பேச்சே இருக்காது. மாட்டைப் பற்றி ஒருவர் ஏதாவது சொல்வார், மற்றவர் ஆமாம் என்பார். ஒருநாள் தீர்த்தகிரி கேட்டது என் காதிலும் விழுந்தது.

"ஏன் மச்சான், இத்தினி வருசமா ஓடையில குந்திக்கினு நாம இன்னா பேசிக்கினு இருந்தோம்?"

"ஞாபகம் இல்ல மாமா. ஆனா நெறைய பேசுனோம்."

ஐப்பசியில் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் தங்கவேல் வீட்டில் பெண்ணுக்கு நிச்சயம். அந்த ஊரில் இரு பக்கத்துப் பெரியவர்களும் ஒன்றாகச் சாராயம் குடித்தால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். தம்ளரை வாங்காவிட்டால் சம்பந்தத்தில் சம்மதம் இல்லை என்றாகிவிடும். தீர்த்தகிரி போகவே பயந்தார். தங்கவேல் அதற்கு ஒரு ஏற்பாடு செய்தார். தன் கையாலேயே எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு வந்து, தீர்த்தகிரியின் முறை வந்தபோது இடுப்பில் சொருகியிருந்த வேறு சீசாவைத் திறந்தார். அதில் இருந்தது ஓடைத் தண்ணீர். பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் தீர்த்தகிரி என் கிடங்குக்கு வந்தார். முகம் கலங்கிக் கிடந்தது.

"சார், தண்ணிக்கு போத ஏறுமா?"

"தண்ணின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வாயில வச்சதும் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சிதான் குடிச்சேன். ஆனா பேச்சு வந்துடுச்சே. மாப்பிள வூட்டுக்காரங்க நடுவுல குந்திக்கினு பழைய மாதிரியே பேசுனேன். சிரிச்சாங்க. ஒரு கன்னுக்குட்டி தர்றேன்னு கூட சொல்லிட்டேன். அப்ப இத்தினி நாளா பேசுனது சாராயமா, நானா?"

அன்று சாயங்காலமே அவர் கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெரியம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், மகளுக்கும் ஒரு கறவை மாடு பாக்கி இருப்பதை நினைவூட்டினார்.

முழுக்க விட்டுவிட்டாரா என்று கேட்கிறார்கள். இல்லை. சாயங்காலத்தில் இன்னும் ஒரு மடக்கு உண்டு. அதுவும் சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். ஒரு திருவிழாவில் ஓடைவரைக்கும் போய்விட்டார். அர்ச்சுனன்தான் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தான், அவனும் ஆடிக்கொண்டே. மறுநாள் பெரியம்மாள் ஒன்றும் கேட்காமல் விரலைத் தம்ளருக்குள் விட்டு, பழைய அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

இந்த வருடம் மாசி பிறந்தது. புளி பழுத்துவிட்டது. ஊருக்கு மேற்கே உள்ள பெரிய மரத்தை, போன வருடம் அவரைக் கீழே போட்ட அதே மரத்தை, உலுக்க வேறு ஆள் பார்க்கலாம் என்றார் தங்கவேல். தீர்த்தகிரி தானே ஏறுவதாகச் சொல்லிவிட்டார். ஏறுகிற நாள் காலையில், மரத்தடியில் கோணியும் கூடையுமாகப் பெண்கள் கூடியிருந்தபோது, மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு வாய் குடுமே. ஏறதுக்கு மட்டும்."

பெரியம்மாள் மடியில் சீசாவை எடுத்துத்தான் வந்திருந்தார். கேட்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. தம்பியைப் பார்த்தார். அர்ச்சுனன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு பெரியம்மாள் என்னிடம் வந்தார்.

"காலையில குடுத்தா பழையபடி ஆயிடும். குடுக்காம வுழுந்தா நான் தள்ளுன மாதிரி. நீங்க படிச்சவரு, இன்னா சார் பண்றது?"

ஏற வேண்டாம் என்று சொல்லலாமே என்றேன்.

"சொன்னேன். ஏறலன்னா இந்த ஊர்ல நான் யாருன்னு கேக்கறாரு. அதுவும் எனக்குத் தெரியல."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தீர்த்தகிரி வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு நடுமரத்தைத் தட்டினார். ஏறிக்கிறேன் என்று சொல்லவில்லை. காலை வைத்து ஏறினார். முதல் கிளை பிரிகிற கவை வரைக்கும் பழைய தீர்த்தகிரிதான். அதற்கு மேல், போன வருடம் விழுந்த கிளைக்குப் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டார். இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைப் பட்டையில் வைத்துக்கொண்டு நின்றார். மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை. "மாமா" என்று அர்ச்சுனன் மெதுவாகக் கூப்பிட்டான். தூரத்திலிருந்தே கால் நடுங்குவது தெரிந்தது.

பெரியம்மாள் சீசாவைத் தம்பி கையில் திணித்தார். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பின்னால் செருகினார். யாரையும் பார்க்காமல் மரத்தில் ஏற ஆரம்பித்தார். அந்த வயதில் அவர் மரம் ஏறி யாரும் பார்த்ததில்லை. வழுக்கி, முட்டி சிராய்த்து, கவையில் தொற்றி, கணவருக்குக் கீழே போய்ச் சேர்ந்தார். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவருடைய கணுக்காலை இறுகப் பற்றினார். தீர்த்தகிரி குனிந்து பார்த்தார். ஏதோ கேட்டதுபோல் வாய் அசைந்தது.

"தெரியல. உலுக்கு," என்றார் பெரியம்மாள்.

மரம் அசைந்தது. புளி சடசடவென்று பெரியம்மாளின் தலையிலும் தோளிலும் முகத்திலும் கொட்டியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிடித்த கையை எடுக்கவில்லை.