வரப்பில் விட்ட பால்

பட்டுக்கோட்டையில் நான் வேலை பார்த்த மருந்துக்கடைக்குப் பொழுது சாயும் நேரத்தில் ஒரு நடவுக்காரப் பெண் வருவார். சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை. காலில் காய்ந்த சேறு. குழந்தைக்குப் பால்பவுடர் டப்பா வாங்கியதும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்.

ஒருநாள் கேட்டேன். "ஏம்மா, உங்களுக்குப் பால் இல்லையா?"

"இருக்குங்க. கைப்புள்ளையோட வந்தா நடவு செட்டுல சேத்துக்க மாட்டேங்குறாங்க. மத்தியானம் மார் கட்டிக்கும். வரப்புல உக்காந்து பீச்சி விட்டுட்டு மறுபடி வயல்ல எறங்குவேன்."

"ஏதாவது பாத்திரத்துல எடுத்து வைக்கலாமே?"

"அந்த வெயில்ல எங்கங்க வைக்கிறது? வேலைக்குப் போகலன்னா சோறு இல்ல. போனா பாதிக் கூலி இந்த டப்பாவுக்கே போயிடுது. எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் இதே கதைதான். காலி டப்பாவா கெடந்து வாய்க்காத் தண்ணியே போக மாட்டேங்குது."

குறை சொல்வது போலவே இல்லை. ஊர்ச் சேதி சொல்வது போலச் சொன்னார்.

சில வாரம் கழித்து வந்தவர் இரண்டு டப்பா கேட்டார்.

"இப்பல்லாம் பீச்ச வேண்டியதில்லீங்க. வத்திப்போச்சு. ராத்திரிக்கும் இதத்தான் கரைக்கிறேன்."

ஒரு வேலை குறைந்தது போல லேசாகச் சிரித்தார். டப்பாக்களை எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரத்தோடு எங்கள் பக்கம் நடவு முடியவிருந்தது. அதற்குப் பிறகு கூலி கிடையாது; டப்பாவை எதைக் கொண்டு வாங்குவார்?