பதினேழாம் தாள்

பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் முதலில் எழுவது புகை வாசனைதான். ஏலக்காய் என்றதும் பாயசமும் கல்யாண வீடும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு இந்த வாசனையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பச்சைக் காயை விறகுச் சூட்டில் உலர்த்தும்போது எழுவது அது; ஈர மரமும் கசப்பும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் காரமும் கலந்தது. அது ஏறிப்போன ஒரு கேள்வித்தாள் இருபத்தைந்து வருஷமாக என்னோடு ஊர் ஊராக அலைகிறது. பதினேழாம் எண் தாள். இரண்டு பக்கமும் என் பென்சில் எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கறுப்பு மசிப் பட்டை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நான் சென்னையில் பொருளாதார எம்.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வளர்ச்சி என்ற சொல் அப்போது புதிதாகத் தைத்த சட்டையைப் போல மொடமொடவென்று இருந்தது. எல்லோரும் போட்டுப் பார்த்தோம். யாருடைய உழைப்பில் யார் வளர்கிறார்கள் என்பது என் ஆய்வின் கேள்வி. அதற்கு விடை தேடி போடிநாயக்கனூரில் பஸ்சை விட்டு இறங்கி, குரங்கணி வரை வந்து, அங்கிருந்து சாக்குமூட்டைகளோடு மேலே போகிற ஆட்களின் பின்னால் நடந்து ஓர் ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தோளில் நாற்பது கேள்வித்தாள்கள். என் பேராசிரியர் கிளம்பும்போது ஒன்றை மூன்று முறை சொல்லியிருந்தார்: “தொழிலாளி சொன்னதை நிர்வாகத்திடமும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது ஆய்வு இல்லை.” அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

காயெடுப்புக் காலம் அது. காய் உலர்த்துகிற வீட்டின் ஒரு மூலையில் எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். பகலில் பெண்களோடு செடிக்கு நடுவே குந்தியிருப்பேன். ஏலக்காய் மேலே காய்ப்பதில்லை; வேரடியில், மண்ணைத் தொட்டுக் கிடக்கும் சரத்தில் காய்க்கும். எனவே அவர்கள் நாள் முழுவதும் நிமிர்வதில்லை. நான் மட்டும் அவ்வப்போது நிமிர்ந்து எழுதுவேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுவீங்க?” என்று கேட்டால், “பசிக்கிற அன்னைக்கா, இருக்கிற அன்னைக்கா, தம்பி?” என்பாள் ஒருத்தி.

“ஓய்வு நேரத்துல என்ன செய்வீங்க?”

“கால்ல ஏறுன அட்டை புடுங்குவோம். வேணும்னா கூட வந்து புடுங்குங்க, ஒங்களுக்கும் ஓஞ்ச மாதிரி இருக்கும்.”

வரிசை முழுவதும் குனிந்தபடியே சிரிக்கும். அந்தச் சிரிப்பைத் தொடங்கிவைப்பவள் பெரும்பாலும் பதினேழாம் தாள்காரிதான். கீழே சிலமலைக் கிராமத்திலிருந்து வந்தவள், முப்பது வயதிருக்கலாம். மற்றவர்கள் அவளைச் சிலமலைக்காரி என்றார்கள். நான் அக்கா என்றேன். அவளுடைய மகள் ஊரில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். “எம்மக மட்டும் இந்தச் சரத்தைத் தொடப்படாது தம்பி. அதுக்குத்தான் நான் தொடுறேன்” என்று ஒருநாள் சொன்னாள். ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி, வீட்டுக்கு ஓர் ஆள் என்று பேசித்தான் மலைக்குக் கூட்டிவருவார். தன் வீட்டிலிருந்து அப்படி வந்தவள் அக்கா. அவளால் முடியாமற்போனால் அந்த இடத்துக்கு அதே வீட்டிலிருந்து இன்னோர் ஆள் வரவேண்டும். வீட்டில் இன்னோர் ஆள் என்றால் அந்தப் பிள்ளைதான்.

போன வருஷம் எத்தனை நாள் உடம்பு சரியில்லாமல் இருந்தீர்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஒரு நாளும் இல்லை. மலைக்காய்ச்சல் மண்டிக்கிடந்த காலத்தில் அந்தப் பதிலை நான் நம்பவில்லை. ஒரு மத்தியானம் காரணம் தெரிந்தது. செடிப் புதருக்குள் ஒரு சாக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. விலக்கிப் பார்த்தால் அக்கா. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்தில் காலிக் கூடை. வரிசையில் நகர்ந்து வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, தன் கூடையிலிருந்து இரண்டு கை காயை அள்ளி அதில் போட்டுவிட்டு நகர்ந்தாள். சாயங்காலம் நிறுவைக்குப் போனபோது அக்காவின் கூடையும் மற்றக் கூடைகளைப் போலவே நிறைந்திருந்தது.

காய்ச்சல் வந்தால் எனக்கென்று கொண்டுவந்திருந்த கொய்னா மாத்திரையில் இரண்டைக் கொடுத்தேன். மறுநாள் அவளாகவே சொன்னாள்: “ஒருநா விட்டு ஒருநா வருது. தெரிஞ்சா கீழ எறக்கிவிட்ருவாங்க. அதான், யாருக்கு வந்தாலும் ஆளுக்கு ரெண்டு கை. நாளைக்கு அவளுகளுக்கு வந்தா நானும் போடுவேன்ல.” நான் பென்சிலைப் பிடித்திருந்த விரல் வலிக்க எழுதினேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள். எனக்கு அவ்வளவு புத்தி இருக்கும் என்று அவள் நம்பினாள்.

அன்று சாயங்காலமே மேனேஜர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே சரிபார்த்தேன். பெயர் எதையும் சொல்லவில்லை. அதை ஒரு பெரிய நேர்மையாக அப்போது நினைத்தேன். காய்ச்சல்காரர்களின் கூடையை வரிசை நிரப்புகிறதாமே, நிர்வாகத்துக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்பிடியா தம்பி. இத்தன வருசமா இங்கனதான் கெடக்கேன், எனக்கே தெரியாமப் போச்சே. படிச்சவங்க படிச்சவங்கதான்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை மென்று முழுங்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை கங்காணி பெண்களைத் தள்ளித் தள்ளி, ஒருத்தியின் கை இன்னொருத்தியின் கூடைக்கு எட்டாதபடி நிறுத்தினார். சாயங்காலம் வரை பொறுக்காமல் மத்தியானமே கூடைகளைப் பார்ப்பதாகவும் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்ப் பதினேழாம் தாளை எடுத்து, அவள் பெயர் மேல் மசியை ஊற்றித் தேய்த்தேன். பெயர்தான் ஆபத்து என்று என் படிப்பு சொன்னது. அங்கே யாருக்கும் அந்தத் தாள் தேவைப்படவில்லை. அன்று அவளுக்குக் காய்ச்சல் முறை. மத்தியானம் காலிக் கூடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நான் வரிசைக்குத் திரும்பியபோது யாரும் நிமிரவில்லை. ஒரு குரல் மட்டும் மண்ணைப் பார்த்தபடி கேட்டது: “கேள்வியெல்லாம் முடிஞ்சுதா தம்பி, இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?”

ஆய்வு தேறியது. அந்த இரண்டு கை காயைப் பற்றிய பத்தியைத் தேர்வாளர் அடிக்கோடிட்டு, களத்திலிருந்து நேரே வந்தது என்று பக்கத்தில் எழுதியிருந்தார். அதில் அவள் எண் பதினேழு. பிறகு நானும் கல்லூரிகளில் இதே பாடத்தை நடத்தினேன், விட்டேன், மறுபடி நடத்தினேன். பிள்ளைகள் களத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் தொண்டை வரை வரும் ஒரு பெயரைத் தேடுவேன். அது வராது. அக்கா என்று கூப்பிட்டே பழகியவனுக்கு அந்தப் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் மசி இருக்கிறது.

அவளைக் கீழே அனுப்பிய அன்று, குரங்கணிக்கு இறங்கும் பாதையில் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். தலையில் ஒரு மூட்டை, தோளில் அதே சாக்கு. கண் காய்ச்சலில் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் திட்டுவாள் என்று நின்றேன், அதற்குத்தான் ஓடியிருந்தேன். அவள் மூட்டையை இறக்கவில்லை.

“மகளை அனுப்பச் சொல்லிட்டாரு கங்காணி” என்றாள். “வெள்ளிக்கெழமை மேல வர்ற ஆளுகளோட வந்துரும்.”

“அக்கா, நான்…”

“விடுங்க தம்பி. வெரசா போகணும், மழை வருது.” இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி, என் தோளில் தொங்கிய தாள் பையைப் பார்த்தாள். “இதெல்லாம் மெட்ராசுக்குப் போகும்ல?”

“போகும்.”

“கங்காணி ஏட்டுல எம்பேரை அடிச்சுட்டாரு. நீங்களும் அடிச்சிராதீங்க தம்பி. நான் இங்கன வேலை பாத்தேன்னு ஒரு எடத்துலயாச்சும் இருக்கட்டும்.”