பத்துப் பேரோடு தொடங்கிய ஆட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் புட்பால் அணி நன்றாக விளையாடியதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். நான் பார்த்த வரையில் எதிர் கோலைப் பார்த்து ஒரே ஒரு முறைதான் பந்தை அடித்தார்கள். அதுவும் கம்பத்துக்கு எட்டாத தூரத்தில் போனது. ஆனால் தோற்கவில்லை. தோற்றிருந்தால் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியிருப்போம். டிரா போதும் என்ற நிலையில் டிரா செய்துவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் அப்பாடா என்றிருக்கிறது.

இந்த அணியோடு எனக்கு உறவு கல்யாணத்தில் வந்தது. என் வீட்டுக்காரர் அப்போது இதில் லெப்ட் விங் ஆடிக்கொண்டிருந்தார். முழங்கால் போனதும் அவர் ஆடுவதை நிறுத்திவிட்டார். பார்க்கப் போன நான் நிறுத்தவில்லை. இப்போது நான் கூப்பிட்டால்தான் மைதானத்துக்கு வருவார். வந்தாலும், பந்து எங்கள் கோல் பக்கம் வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு பேக்கிங் வேலை. எங்கள் அணியில் கோலுக்கு முன்னால் நின்று தடுத்தாடும் ஸ்டாப்பர் அங்கேதான் மெஷின் ஓட்டுகிறான். அன்று இருவருக்குமே காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு முடித்துவிட்டு என் ஸ்கூட்டியில் கிளம்பினால், உப்பளம் மைதானத்தில் நாலு மணி ஆட்டத்துக்குச் சாவகாசமாகப் போய்ச் சேரலாம் என்று பேசி வைத்திருந்தோம். ஆனால் அவனை மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை. அடுத்த ஆள் வராமல் மெஷினை விட்டு நகர முடியாது. உள்ளே பிளாஸ்டிக் உறைந்துவிட்டால் அந்த நாளே வீண்.

நான் சூப்பர்வைசரிடம் போனேன்.

"சார், அவனுக்கு இன்னிக்கு மேட்ச் இருக்கு."

"தெரியும்மா, போன வாரமே சொன்னான். ஆளு வந்துட்டா ஒரு நிமிஷம் நிறுத்த மாட்டேன். வராம நான் எப்படி விடறது?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. வரவேண்டிய ஆளின் நம்பரை வாங்கி நானே போட்டேன். அவர் மனைவி எடுத்தாள்.

"அவரா? தூங்கறாரே."

"ஷிப்ட் இருக்கே இப்ப!"

"நைட்டுன்னுதானே சொன்னாரு?"

"இல்லம்மா, இன்னிக்குலேர்ந்து மதியம். தண்ணி ஊத்தியாவது எழுப்பி அனுப்பு."

கம்பெனி கேட்டில் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். ரோட்டில் எந்த பைக் திரும்பினாலும் எழுந்து பார்த்தேன். நாலு மணி ஆகும்போதுதான் அந்த மனிதர் வந்தார். தலை ஈரமாக இருந்தது. குளித்துவிட்டு வந்தாரா, நான் சொன்னதை அந்தம்மா அப்படியே செய்துவிட்டாளா என்று கேட்க நேரமில்லை. ஸ்டாப்பர், ஜெர்சி பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு ஓடிவந்து பின்னால் உட்கார்ந்தான்.

கோரிமேட்டை நெருங்கும்போது என் போன் அடித்தது. நான் சொல்லி முன்னாலேயே மைதானத்துக்குப் போயிருந்த வீட்டுக்காரர். பையிலிருந்து அவனே எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான்.

"பத்து பேரோட ஆரம்பிச்சுட்டாங்க," என்றார் அவர். ரெண்டு பேருக்குக் காய்ச்சல், ஒருவன் போன ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியவன். மாற்று ஆள் என்று யாரும் இல்லை. "உம் பேரு குடுத்திருக்கு. எப்ப வந்தாலும் எறக்கிக்கலாம்னு கோச் சொல்றாரு."

"ஸ்கோர் இன்னா மாமா?"

"இன்னும் கோல் உழல."

"ஆட்டம் எப்படிப் போவுது?" என்று நான் கத்தினேன்.

"எனக்கு இன்னா தெரியும்? முக்காவாசி நேரம் நான் கண்ண மூடிக்கினுதான் கீறேன்."

அதற்கு மேல் செய்தி வேண்டாம் என்று போனை வைக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் என்றால் பந்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே!

"அக்கா, பெரிய மார்க்கெட் பக்கம் போனா மாட்டிக்குவோம். வாய்க்கா ஓரமா போய்டுங்க," என்றான். போனேன். பிரேக் போட்ட இடத்திலெல்லாம் அவன் முழங்கால் என் பையில் இடித்தது.

நாங்கள் சேரும்போது இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. அப்போதும் கோல் இல்லை. வண்டி நிற்பதற்குள் அவன் குதித்து ஓடினான். கோட்டருகே நின்று கையைத் தூக்க, நடுவர் பூட்ஸைப் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

எதிரணி தேங்காய்த்திட்டுப் பையன்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்கள் இடம் மாறாது. அதனால் பயமில்லாமல் ஆடினார்கள். எங்கள் ஆட்களோ பந்து கிடைத்தால் போதும் என்று வெளியே வெளியே உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் நடுவில் நின்று, "நீ இங்க நில்லு, அவன உடாத," என்று சத்தம் போடத் தொடங்கியதும் கொஞ்சம் ஒழுங்கு வந்தது. எனக்கும் உட்காரத் தோன்றியது.

கடைசியில் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. நன்றாகத் தூக்கி அடித்தான் அந்தப் பையன். எங்கள் ஸ்டாப்பர் எல்லோருக்கும் மேலே எகிறினான். ஆனால் கொஞ்சம் முந்தி எகிறிவிட்டான். பந்து அவன் பின்னந்தலையில் பட்டு எங்கள் கோலை நோக்கியே போனது. கோல் காக்கும் கோலி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தான். பந்து மேல்கம்பத்தில் டங்கென்று மோதி, தரையில் குத்தி, விழுந்து எழுந்த கோலியின் நெஞ்சுக்கே வந்தது. அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே குப்புறப் படுத்துவிட்டான்.

எல்லோரும் கோலியையே பார்த்தோம். ஸ்டாப்பர் மட்டும் பந்து எங்கே என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எங்கிருந்தோ இவனை இழுத்துக்கொண்டு வந்து நானே அணியைக் கவிழ்த்திருப்பேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள்.

"முடிஞ்சுதா?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், கண்ணைத் திறக்காமல்.

"முடிஞ்சுது. டிரா. தொறங்க."

பையன்கள் கோப்பையே வாங்கியவர்கள் போல ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கோச் ஓரமாகப் புல்லில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வெளியே வந்து ஒரு பரோட்டா கடையில் உட்கார்ந்தோம். ஸ்டாப்பர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். இடையில் ஒருமுறை நிறுத்தி, "அக்கா, அந்த பந்து எங்க பட்டுச்சுன்னே எனக்குத் தெரியல," என்றான்.

"தலைலதான்டா பட்டுது. இன்னும் ஒரு வெரல் அகலம் கீழ போயிருந்தா கோலு."

"நெசமாவா?" என்று பின்னந்தலையைத் தடவிப் பார்த்தான்.

வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை. காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கும் ரெண்டு போடச் சொன்னேன்.