நெஜாங்சன் மலையில் ஒரு கூரை ஓடு

வீட்டு முற்றத்தில் இனி இலை கூட்டுவதில்லை என்ற முடிவு, சென்ற ஒக்டோபர் நன்றியறிதல் விடுமுறைத் திங்கட்கிழமை, பின்னேரம் நாலு மணி இருபது நிமிடத்துக்கு எடுக்கப்பட்டது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரில் உள்ள எங்கள் வீட்டின் முன்னால் மாநகரசபைக்குச் சொந்தமான இரண்டு மேப்பிள் மரங்கள் நிற்கின்றன. மரம் அவர்களுடையது, இலை எங்களுடையது. அதற்கு முந்திய வருடம் பதினேழு காகிதப் பை நிரப்பி வீதியோரம் வைத்தேன். இருபத்து மூன்று வருடங்கள் பொறுப்புள்ள குடிமகனாக நடந்துகொண்டவன், அன்று இலைவாரியை கராஜ் சுவரில் மாட்டிவிட்டு உள்ளே போய் மனைவி மாலினியிடம் முடிவை அறிவித்தேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. இன்னும் பதினெட்டு நாளில் நாங்கள் 10,600 கிலோமீற்றர் தள்ளிப் போய் மற்றவர்களுடைய இலைகளைப் பார்க்க இருந்தோம்.

இலைதான் வேண்டுமென்றால் அல்கொன்குயின் பூங்கா காரில் மூன்று மணித்தியாலம். ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம் "இலை பார்க்கக் கொரியா போகிறோம்" என்றுதான் சொன்னோம். உண்மையான காரணம் எங்கள் மகன் குகன். வயது இருபத்தேழு. கணினி படித்தவன், அந்த வருட மார்ச்சில் ஒரு வருட ஒப்பந்தத்தில் ஜொன்ஜு என்ற கொரிய நகரத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போனான். ஒப்பந்தம் பெப்ரவரி கடைசியில் முடியும். முடிந்தபின் வீட்டுக்கு வருவானா என்பதைத் தொலைபேசியில் அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நேரில் கேட்பதென்று மாலினி தீர்மானித்திருந்தாள். கேட்காமலே தெரிந்துகொள்ளலாம் என்பது என் கட்சி.

ரொறன்ரோவிலிருந்து இன்ச்சோன் நேரடி விமானம், 14 மணித்தியாலம் 10 நிமிடம். விமான நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்தே ஜொன்ஜுவுக்குப் பஸ் இருக்கிறது. மூன்றே முக்கால் மணித்தியாலம், ஒருவருக்கு 35,000 வொன். மூன்று சைபரை வெட்டினால் ஏறக்குறைய கனேடிய டொலர் வரும். துல்லியமான கணக்கு அல்ல, மனநிம்மதிக்குப் போதும்.

குகனுடைய வீடு பன்னிரண்டாம் மாடியில், 1203ஆம் இலக்கம். சப்பாத்தைக் கழற்றமுன்பே மாலினி பெட்டியைத் திறந்து கறித்தூளை எடுத்துவிட்டாள்.

“ரெண்டு கிலோ. மாசம் அரைக் கிலோ எண்டு பாத்தா பெப்ரவரி முடியுமட்டும் காணும்,” என்றாள்.

“தாங்க்ஸ் அம்மா. ஃப்ரெண்ட்ஸும் வந்து சாப்பிடுறவை, ஸோ கெதியா முடிஞ்சிடும்.”

தூள் கெதியாக முடிவது நல்ல செய்தியா இல்லையா என்று அன்றிரவு நாங்கள் இருவரும் தனித்தனியாக யோசித்தோம். நேர வித்தியாசத்தால் அதற்கு நிறைய அவகாசம் கிடைத்தது.

சனிக்கிழமை காலை 6:10க்கு வீட்டை விட்டு இறங்கினோம். ஜொன்ஜுவிலிருந்து ஜொங்கப் ஊருக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். அங்கிருந்து நெஜாங்சன் மலைக்கு ஊர் பஸ் போகும். நவம்பர் முதல் வாரச் சனிக்கிழமை அந்த பஸ்ஸுக்கான வரிசை ஒரு மூலையில் திரும்பி மறைந்து, அடுத்த மூலையில் மீண்டும் வெளிப்பட்டது. எனக்கு வரிசையில் நிற்கும் குணம் அன்று இருக்கவில்லை. ரக்சி பிடித்தோம், 19,000 வொன். முன்னால் இருந்த குகனோடு சாரதி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

“என்னவாம்?” என்றேன்.

“கனடாவில இருந்து இலை பாக்க வந்தவை எண்டு சொன்னன். உங்கட கொடியிலயே இலை இருக்குதே, வீட்டில இருந்து அதைப் பாத்திருக்கலாமே எண்டு கேக்கிறார்.”

“பிள்ளையைப் பாக்கவும் வந்தனாங்கள் எண்டு சொல்லு,” என்றாள் மாலினி.

“சொல்லிட்டன்.”

அவன் வாய் திறந்ததை நான் காணவில்லை.

மலை ஒரு தேசியப் பூங்கா, நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே கொண்டுபோய் விடும் சிறிய பஸ்ஸுக்கு 1,000 வொன். முதல் வாயிலிலிருந்து விகாரை வரை பாதையின் இரு பக்கமும் 108 மேப்பிள் மரங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாலினி எண்ணிக்கொண்டு வந்தாள். அறுபத்தொன்றில் கூட்டம் தள்ளியதால் எண்ணிக்கை கைவிடப்பட்டது. இங்குள்ள இலை நம்முடையதைவிடச் சிறியது, கைக்குழந்தையின் உள்ளங்கை அளவு. வெயில் பின்னாலிருந்து பட்டபோது மரம் முழுவதும் உள்ளே விளக்கு வைத்ததுபோல் சிவந்தது. பார்க்கத் தகுந்த காட்சிதான். நான் ஒரு மரத்தை அதிகபட்சம் நாற்பது வினாடி பார்த்தேன். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தேன், பிறகு மாலினியின் முகத்தை, இப்போது கேட்டுவிடுவாளோ என்று. மற்றவர்கள் தட்டையான தார்ப்பாதையில் இமயமலைக்குரிய உடுப்போடு, கையில் இரண்டு ஊன்றுகோலோடு, மிக நிதானமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

குகன் பின்தங்கிவிட்டான். திரும்பிப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒரு வயதான தம்பதிக்குப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவர்கள் ஏதோ கேட்க, இவன் ஏதோ சொல்ல, மூவரும் சிரித்தார்கள். மார்க்கத்தில் பதினாறு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவரோடு அவன் மொத்தமாக நாலு வசனம் பேசியிருப்பான்.

விகாரை வாசலில் மாலினி சற்றுத் தயங்கினாள். நாங்கள் விட்டு வந்த நாட்டில், எங்கள் தமிழ்ப் பகுதிக்குப் புத்தர் வரும்போது பெரும்பாலும் இராணுவக் காவலரணோடு வருவார். இங்கே கோப்பிக் கடையோடு வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றி உள்ளே போய்க் கும்பிட்டோம். வெளியே ஒரு மேசையில் கறுப்புக் கூரை ஓடுகள் அடுக்கியிருந்தன. சாம்பல் நிற மேற்சட்டை போட்ட ஒரு தொண்டர் அம்மா பொறுப்பாக இருந்தார். ஓர் ஓடு 10,000 வொன். வெள்ளை மைப் பேனையால் அதில் எழுதிக் கொடுத்தால், கூரை வேயும்போது அதையும் சேர்த்து வைப்பார்கள்.

“பேர், அட்ரஸ், என்ன வேணும் எண்டதை எழுதலாம்,” என்று குகன் விளங்கப்படுத்தினான்.

“அட, அர்ச்சனை,” என்றாள் மாலினி. “நட்சத்திரம் எழுத இடம் காணுமோ?”

“அம்மா, இது அர்ச்சனை இல்லை. கூரைக்கு.”

“கூரைக்கெண்டாலும் ஆற்ற பேரில எண்டு சொல்ல வேணுமெல்லே. எழுது. குகன், பூசம், கடகம்.”

“பூசத்துக்குக் கொரியன்ல என்னெண்டு தெரியாது.”

“சரி, அதை விடு. பெப்ரவரியில சுகமா வீட்டை வந்து சேர வேணும் எண்டு எழுது.”

பேனை ஓட்டுக்கு மேலே நின்றது. எங்களுக்குப் பின்னால் பதினொரு பேர் காத்திருந்தார்கள். நான் எண்ணினேன். எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

“இஞ்ச எல்லாரும் ஹெல்த்துக்குத்தான் எழுதுறவை,” என்றான் குகன். “நான் அதை எழுதட்டே?”

“நீ அதை எழுதினா அவர் அதைத்தான் தருவார். எனக்கு நான் கேட்டது வேணும். தா பேனையை.”

வாங்கித் தமிழில் எழுதினாள். நட்சத்திரம், ராசி உட்பட நாலு வரி. குகன் மார்க்கத்தில் ஆறாம் வகுப்பு வரை சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவன். குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தான்.

“பெப்... ரவரி மாதம்... சுகமாக வீடு... வந்து சேர வேண்டும்.”

கடைசிச் சொல் வரை வாசித்தான். தொண்டர் அம்மா இதை ஏதோ சூத்திரம் என்று நினைத்துக் கை கூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அட்ரஸ் போடேல்லை, அம்மா.”

“நீயே போடு.”

அவன் பேனையை வாங்கி, அடியில் கொரிய மொழியில் ஒரு வரி எழுதினான். கொரிய எழுத்து எனக்குத் தெரியாது, எண்கள் தெரியும். எங்கள் மார்க்கம் வீட்டு இலக்கம் 48. அவன் எழுதிய வரியில் 1203 இருந்தது. மாலினியும் எண்கள் வாசிப்பாள்.

அவள் ஓட்டைத் தூக்கிக் கொடுத்தாள். திருநீறு தருவார்கள் என்ற பழக்கத்தில் வலது கையை நீட்டியபடி நின்றாள். தொண்டர் அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, மேசைக்குக் கீழேயிருந்து ஒரு மண்டரின் தோடம்பழத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தார். மாலினி அதைக் கண்ணில் ஒற்றி, உரித்து, மூன்றாகப் பிரித்துத் தந்தாள்.

கேபிள் காருக்கு எழுபத்தைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். போகவில்லை. பின்னேரம் ஊர் பஸ்ஸில் திரும்பினோம். ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம், மூவரும் நின்றபடி. கேட்பதற்கென்று கொண்டுபோன கேள்வியை மாலினி அன்றும் கேட்கவில்லை, மிச்சமிருந்த ஆறு நாளிலும் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை, “கழுத்தை மூடு, காத்து அடிக்குது,” என்றாள். அவன் மூடினான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இலை எந்த வாரம் சிவக்கும் என்று கொரியாவில் ஒவ்வொரு வருடமும் முன்னறிவிப்பு வெளியிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ரிக்கெற் வாங்குங்கள், நாங்கள் செய்ததுபோல் வாங்கிவிட்டுப் பார்க்காதீர்கள். சனி, ஞாயிறு வேண்டாம். காலை எட்டு மணிக்கு முன் வாயிலில் நின்றால் மரத்துக்கும் உங்களுக்கும் இடையில் ஆட்கள் குறைவு. மரக்கறி மட்டும் உண்பவர்கள் மலையடிவாரக் கடைகளில் காட்டுக்கீரை போட்ட சோறு கேட்கலாம், 12,000 வொன். அதில் மீன் கலந்த சாறு இல்லையா என்று இரண்டு தரம் கேளுங்கள். ஓட்டில் எழுதுவதானால் என்ன எழுதுவது என்பதைக் குடும்பமாக முதல் நாளே பேசி முடித்துவிட்டுப் போவது நல்லது. நாலு உடுப்பு குறைத்துக் கொண்டுபோனால் கறித்தூள் மூன்று கிலோ வைக்கலாம்.

இலை பார்க்கப் போவது எனக்குப் பிடித்ததா என்று கேட்கிறார்கள். மரங்கள் தங்கள் பங்கை ஒழுங்காகச் செய்தன. நான்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. இன்னொரு முறை போனால் ஒரு மரத்தடியில் பத்து நிமிடமாவது இருந்து பார்க்க வேண்டும்.

குகன் ஜனவரியில் இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தான். மேல்மாடியில் உள்ள அவனுடைய அறையை, மார்ச் முதலாம் திகதியிலிருந்து, நேர்சிங் படிக்கும் ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம்.