மீன் பெட்டியில் ஏறிய புத்தகங்கள்

ஸ்ஃபாக்ஸ் நகரத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில், நூலகத்தின் நிலவறையை இருபத்திரண்டு வருஷமாகக் கவனித்துவந்தவள் ஸகியா. வேலைக்கு வந்த புதிதில், தலைக்கு மேலிருந்த அகராதியை எட்டி இழுத்துத் தோள்பட்டை விலகியவள். அன்றிலிருந்து கனமான புத்தகம் எதையும் இடுப்பு உயரத் தட்டில்தான் வைப்பாள்.

நூலகத்தின் புதுக் கட்டடத் திறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, புத்தகங்களை அங்கே மாற்ற நிர்வாகி நூரி பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். மீன் சந்தையில் பொறுக்கியவை. அடியில் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸகியா ஒன்றை விரல்நுனியால் தள்ளிப் பார்த்தாள்.

"இத்தாப் பெரிய பெட்டி எதுக்கு? நெஞ்சோட அணைச்சு, முட்டிய மடக்கி ஒரு ஆளு தூக்கற அளவுக்குத்தான் ரொப்பணும். தள்ளுவண்டி எங்க?"

"புத்தகம்தானே ஸகியாம்மா, இரும்பா என்ன?" நூரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தார். "முன்ஸிஃப் மாடு மாதிரி இருக்கான்."

சுமைதூக்கும் முன்ஸிஃபும் இளித்தான். "விடுக்கா. பெருநாளைக்கு ஆட்டையே தோள்ல போட்டு மாடிக்கு ஏத்தினவன் நான்."

"ஆடு கொஞ்சம் ஒத்துழைக்கும்டா. இது பொணமா கனக்கும்."

அவன் கேட்கவில்லை. பெரிய பெட்டியை நிறைத்துத் தூக்கிப் படியேறி, மூன்றாம் படியில் அதோடு இடுப்பைத் திருப்பினான். பெட்டியின் அடி பிளந்து புத்தகங்கள் கொட்டின. முன்ஸிஃப் முகம் வெளுத்து, சுவரைப் பிடித்தபடி சரிந்தான்.

நூரி ஓடிவந்தார். குனிந்தது புத்தகங்களின் பக்கம்.

"அட்டை எதுவும் கிழியலையே?"

அந்தச் செதில் பெட்டியைத் தொடுவதைவிட இந்த ஆள் பக்கத்தில் நிற்பதுதான் ஸகியாவுக்கு அருவருப்பாக இருந்தது. ஆம்புலன்ஸை வரவழைத்தாள். அவனை ஏற்றியனுப்பிவிட்டு நிலவறையைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நூரி கத்தினார், பிறகு கெஞ்சினார். அவள் படியேறிப் போய்விட்டாள்.

பாதி அலமாரி காலியாக இருக்கும்போதே திறப்பு விழா நடந்தது. "தோள் கொடுத்த தோழர்களுக்கு நன்றி" என்று நூரி உருகினார். கூட்டம் கைதட்டியது. கையிலிருந்த பாதாம் பலகாரத்தைத் தின்னப் பிடிக்காமல் ஸகியா வெளியே நடந்தாள்.

முன்ஸிஃபின் மருத்துவர் சீட்டோடு கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு மனு எழுதினாள். தள்ளுவண்டி நான்கும் சின்னப் பெட்டிகளும் வந்தன. மிச்சப் புத்தகங்கள் போய்ச்சேர ஏழு வாரம் ஆயிற்று. யாருக்கும் சுளுக்குக்கூட இல்லை. முன்ஸிஃப் இப்போது நூலக வாசலில் மேசை வேலை பார்க்கிறான். மகளைத் தூக்க முடியாது. அவள்தான் நாற்காலியில் ஏறி அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

வருகிறவர்களிடம் நூரி சொல்கிறார்: "சின்னப் பெட்டி என் யோசனைதான்."

அவர் ஸலாம் சொன்னால் ஸகியா பதில் சொல்வதில்லை.